பாட்டுக்குள் ஒரு புதையல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் இசைக்குழுவினரின் இசைத்தொகுப்பு வெளியீட்டின்போது செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இன்று நம் சங்கத்து இளைஞர்கள் ஒன்பது பாடல்கள் அடங்கிய இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிடுகின்றனர். பாடல்களை இயற்றியவர்கள் அவர்களே; மெட்டமைத்தவர்களும் பாடியவர்களும் அவர்களே. திரைப்படப் பாட்டு ஒன்றேனும் இதில் இல்லை. எந்த நிறுவனத்தின் பொருளுதவியும் இதற்கு இல்லை. சங்கக் கட்டடத்தின் பின்னறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சாலையில் வண்டிகள் ஓயும் இரவு வேளைகளில் வியர்வை சொட்டச் சொட்ட ஒலிப்பதிவு செய்தார்கள். செய்தி இவ்வளவே ஆயின், வாழ்த்துரை கூறிப் பொன்னாடை போர்த்தி, உங்களை உணவுப் பந்திக்கு அனுப்பியிருப்போம். ஆனால் இவ்வொன்பது பாடல்களுக்குள்ளும் இளைஞர்கள் ஒரு புதையலை மறைத்து வைத்திருக்கின்றனர். பாடல்களைக் கேட்டு, அவற்றினுள் பொதிந்த குறிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு சொல்லைக் கண்டறிய வேண்டும். அச்சொல்லை முதலில் கண்டறிந்து கூறுபவருக்கே புதையல் உரியது.

இந்த எண்ணம் எங்கள் முன் வைக்கப்பட்டபோது, அதனை அனைவரும் மகிழ்ந்து ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. எங்களுள் மூத்த உறுப்பினர் ஒருவர், "பாட்டு கேட்பதற்கா, தோண்டுவதற்கா?" என்று வினவினார். வேறொருவர், "சரக்கு விலைபோகாதவன்தான் பொட்டலத்துக்குள் பொம்மை வைப்பான்" என்றார். இளைஞர்களின் முகம் வாடிற்று. எனினும், கேட்கப்பட்ட கேள்விகள் தள்ளத்தக்கன அல்ல. மூன்று கூட்டங்கள் இதைப் பற்றியே பேசினோம். இசையினுள் பொருளை மறைத்தல் உலகில் எங்கெங்கே எவ்வாறு நிகழ்ந்துள்ளது, எங்கே அது இசைக்கு அணியாயிற்று, எங்கே பிணியாயிற்று என்று தேடிப் பார்த்தோம். அந்த ஆராய்ச்சியில் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் 'தனிப்பட்ட இசைத்தொகுப்பு' என்பது யாது என்பதைச் சுருங்கக் கூறிவிடுவோம். நம் நாட்டில் பாட்டு என்றால் திரைப்படப் பாட்டு என்றே பலரும் எண்ணும் நிலை நெடுங்காலமாக உள்ளது. கதைக்காகவும் காட்சிக்காகவும் நடிகருக்காகவும் எழுதப்படாது, இசையையே நோக்கமாகக் கொண்டு எழுவது தனித்தொகுப்பு. திரையிசையின் கொடுமுடியில் நின்ற இளையராஜாவே 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பைத் திரைப்படத்தின் சார்பின்றி வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக் என்பாருக்கும் அதனைக் காணிக்கையாக்கினார். அவருடைய பெயரே அதற்கு விளம்பரம். பெயர் பெறாதவர்கள் என் செய்வர்? இன்று ஒரு பாட்டைப் பதிவு செய்து உலகெங்கும் இணையத்தின் வாயிலாகப் பரப்புதல் எளிதாகிவிட்டது. அதனாலேயே அப்பாட்டைப் பிறர் செவியில் ஏற்றுதல் அரிதாகிவிட்டது. கடலில் நீர் சேர்த்தாற்போல் நாள்தோறும் புதிய பாடல்கள் வந்து குவிகின்றன. கைப்பொருள் இல்லாத இளைஞன், கேட்பவரை நிறுத்தி வைத்துக் கேட்கச் செய்ய ஒரு வழி தேடுகிறான். புதையல் வேட்டை அத்தகைய வழிகளுள் ஒன்று. இதனை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். விளம்பரம் என்னும் கூறு இதில் உண்டு.

ஆயினும் அது மட்டுமே அன்று. நம் முன்னோரும் இசையினுள் பொருளை மறைத்து வைத்தவர்களே. முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம் கீர்த்தனைகள் பலவற்றில் அந்தந்த இராகத்தின் பெயரையே சாகித்தியத்தினுள் பொருள் பிறழாமல் பொதிந்து வைத்தார். 'வாதாபி கணபதிம்' என்னும் கீர்த்தனையை நம் வீட்டுத் திருமணங்களிலும் கச்சேரிகளிலும் எத்தனை முறை கேட்டிருப்போம்! அதன் இறுதிப் பகுதியில் ஹம்ஸத்வனி என்னும் இராகப் பெயர் வருகிறது. விநாயகரைப் புகழும் தொடராகவே அது ஒலிப்பதால், அறியாதவர் அதைக் கடந்து சென்றுவிடுவர். கடந்து சென்றாலும் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை; கீர்த்தனை முழுமையாகவே இருக்கிறது. அறிந்தவருக்கோ ஒரு புன்னகை மிகுதியாகக் கிடைக்கிறது.

மேளகர்த்தா இராகங்கள் 72 என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றின் பெயர்களுக்குள் அவற்றின் வரிசை எண்ணும் மறைந்திருப்பதைப் பலர் அறியார். கடபயாதி என்னும் முறைப்படி வடமொழி எழுத்துகளுக்கு எண்கள் வகுத்து, பெயரின் முதலிரண்டு எழுத்துகளுக்குரிய எண்களைத் தலைமாற்றி வைத்துப் படித்தால் இராகத்தின் எண் கிடைக்கும். மாயாமாளவகௌளை என்பதில் 'ம' வுக்கு 5, 'ய' வுக்கு 1. 51 என்பதைத் திருப்பினால் 15. அவ்விராகம் பதினைந்தாவது மேளம். நம் குழந்தைகள் முதற்பாடமாகிய சரளி வரிசையைக் கற்பது இந்த இராகத்தில்தான். இதோ முன்வரிசையில் இருக்கும் சிறுமியர் பலர் ஒவ்வொரு ஞாயிறும் இந்த எண்ணின் மீது அமர்ந்துகொண்டே பாடி வருகின்றனர். (இப்போது தெரிந்துகொண்டுவிட்டீர்கள், அடுத்த ஞாயிறு ஆசிரியையிடம் 65-ஆவது மேளமாகிய மேசகல்யாணிக்குக் கணக்குச் சொல்லிக் காட்டுங்கள்.)

திரையிசையிலும் இது உண்டு. 1985-இல் வந்த 'சிந்து பைரவி' திரைப்படத்தில் ஏசுதாஸ் பாடிய 'கலைவாணியே' பாட்டை நம்மில் கேளாதவர் இரார். கல்யாணி இராகத்தில் அமைந்த அப்பாட்டில் இளையராஜா ஆரோகண கதியை மட்டுமே கையாண்டிருக்கிறார். சுரங்கள் ஏறுகின்றன, அவரோகணமாக இறங்குவதில்லை. படம் பார்த்தவர்களுள் எத்தனை பேர் அதனை அப்போதே கண்டுகொண்டனர்? பாட்டு இனித்தது, அவ்வளவே. பின்னர் ஒருவர் எடுத்துச் சொன்னபோது மீண்டும் கேட்டோம்; முன்னினும் இனித்தது.

மேலைநாட்டில் பாக் 1747-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் அவைக்குச் சென்று, மன்னர் கொடுத்த ஒரு மெட்டை வாங்கி வந்து, அதன்மீது 'இசைக் காணிக்கை' என்னும் நூலை இயற்றி அவருக்கே படைத்தார். அதில் சில பகுதிகளை முழுமையாக எழுதாமல் விட்டு, தேடினால் அடைவீர் என்னும் பொருள்பட இலத்தீனில் ஒரு குறிப்பு மட்டும் பொறித்து வைத்தார். இரண்டாம் குரல் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதை வாசிப்பவரே கண்டறிய வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேடியவனுக்குக் கிடைப்பது பொற்கிழி அன்று. அதே பாட்டின் மற்றொரு பாதி.

இனி, இந்த விளையாட்டு பிணியாய் முடிந்த கதையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். அது இசைத்தொகுப்பன்று, ஓவியநூல். ஆயினும் அதற்குப் பின் வந்த புதையல் வேட்டைகள் பலவற்றுக்கும் அதுவே முன்மாதிரி ஆயிற்று. இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்னும் ஓவியர் 1979-இல் 'மாஸ்கரேட்' என்னும் நூலை வெளியிட்டார். அதில் 15 ஓவியங்கள். பொன்னாலும் மணிகளாலும் ஒரு முயலைத் தம் கையாலேயே செய்து, சுடுமண் பேழையில் இட்டு, நாட்டின் பொதுநிலம் ஒன்றில் புதைத்தார். இடத்தை அறியும் குறிப்புகள் ஓவியங்களில் உள்ளன என்று அறிவித்தார். ஓவியத்தில் உள்ள உயிர்களின் கண்ணிலிருந்து விரல் நுனி வழியாகக் கோடு இழுத்தால், அது ஓவியத்தின் ஓரத்தில் உள்ள எழுத்து ஒன்றைத் தொடும். அவ்வாறு கிடைத்த எழுத்துகள் சொற்களாகும். அச்சொற்கள் இடத்தைச் சொல்லும். பெட்போர்ட்ஷயரில் ஆம்ப்தில் என்னும் ஊர்ப் பூங்காவில், எட்டாம் ஹென்றி மன்னரின் முதல் மனைவி நினைவாக நிற்கும் சிலுவைத் தூணின் நிழல், பகலும் இரவும் ஒத்த நாளில் நண்பகலில் எங்கே முடிகிறதோ, அவ்விடம் தோண்ட வேண்டும். எத்துணை அழகிய புதிர்!

நூல் இலட்சக்கணக்கில் விற்றது. மக்கள் மண்வெட்டியோடு கிளம்பினர். க்ளாஸ்டர்ஷயரில் ஹேர்ஸ்பீல்டு பீக்கன் என்று ஒரு குன்று. ஆங்கிலத்தில் 'ஹேர்' என்றால் முயல். பெயரைக் கண்டு மயங்கியவர்கள் அக்குன்றைக் கிளறித் தள்ளினர். இறுதியில் ஓவியரே தம் கைப்பொருள் செலவிட்டு, இங்கே முயல் இல்லை என்று பலகை எழுதி நாட்ட வேண்டியதாயிற்று. குறிப்பு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது தேடுபவனுக்குத் தெரிவதில்லை. தேடும் வெறி பிடித்தவனுக்கு மேகத்திலும் எழுத்துத் தெரியும்.

1982-இல் ஒருவர் புதையலை எடுத்தார். அவர் புனைபெயரில் வந்தவர். ஏறத்தாழ அதே காலத்தில் இயற்பியல் ஆசிரியர் இருவர் புதிரை நேர்வழியில் விடுவித்து, அவ்விடத்தையே தோண்டியும் இருந்தனர். முயல் அடங்கிய பேழை அவர்கள் கண்ணிற்படாது போயிற்று. அவர்கள் தம் விடையைத் தெரிவித்தபோது பரிசு கைமாறியிருந்தது. புதையல் எடுத்தவர் புதிரை விடுவித்தவரே அல்லர் என்பது 1988-இல் இலண்டன் செய்தித்தாள் ஒன்றின் வாயிலாக வெளியாயிற்று. ஓவியரோடு முன்னர்ப் பழகிய ஒருவர் வழியே இடத்தைப் பற்றிய துப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. இதற்கிடையில் அவர் சார்ந்த நிறுவனம் அதே முயலைப் பரிசாக அறிவித்துக் கணிப்பொறி விளையாட்டு ஒன்றை 1984-இல் விற்றது. அப்பரிசை வென்றவர் எவரும் இலர்; நிறுவனமும் நொடித்தது. முயல் 1988 டிசம்பரில் ஏலத்தில் 31,900 பவுனுக்கு விற்கப்பட்டது. ஓவியர் தம் கையால் செய்த முயலை மீண்டும் கண்டது 2009-இல்தான்.

இக்கதையை எங்கள் கூட்டத்தில் படித்தபோது, முன்னர்க் கேள்வி எழுப்பிய பெரியவர் ஒன்றும் பேசவில்லை. இளைஞர்கள்தாம் பேசினர். புதிர் நன்றாயிருந்தும் நேர்வழியில் உழைத்த ஆசிரியர் இருவர் வெறுங்கையோடு திரும்பினார்களே, நம் சங்கத்தில் அவ்வாறு நிகழ்ந்தால் எவ்வாறு முகம் கொடுப்போம் என்று அவர்களே கேட்டனர். நாம் வாழ்வது நூறு குடும்பங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் காலனி. இங்கே ஒரு பரிசு தவறான கைக்குப் போய்ச் சேர்ந்தால், அது மறு ஆண்டு பொங்கல் விழாவில் யார் எந்த வரிசையில் அமர்வது என்பது வரை வந்து நிற்கும். சிரிக்கிறீர்கள், நீங்களும் அறிவீர்கள்.

ஆகவே விடை அறிந்தவர் நால்வரே என்றும், அந்நால்வர் வீட்டாரும் போட்டியில் சேர இயலாது என்றும் முடிவு செய்தோம். செயற்குழுவினராகிய எங்களுக்கும் விடை தெரியாது. தெரிந்துகொள்ள விழையவும் இல்லை. விடையை எழுதி ஒட்டிய உறை சங்க நூலகத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. வரும் சித்திரை முதல் நாள்வரை எவரும் கண்டறியாவிட்டால், அன்று எல்லோர் முன்னிலையிலும் உறை பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குறிப்பும் எந்தப் பாட்டில் எவ்வாறு இருந்தது என்பது பாடியே விளக்கப்படும்.

புதையலை எங்கும் புதைக்கவும் இல்லை. தோட்டக்காரர் வளர்க்கும் செடிகளைக் கிளறவோ, பிறர் வீட்டு மதிலை எட்டிப் பார்க்கவோ யாருக்கும் தேவை நேராது. மேலும், பொது இடங்களில் கேட்பாரற்ற பொட்டலம் ஒன்று கிடந்தால் காவலர்களும் மக்களும் அஞ்சும் காலம் இது; பெருநகரில் வாழும் நமக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இசைத்தொகுப்பையே களமாகக் கொண்டு நடந்த வேட்டைகளுள் இரண்டைக் கூற வேண்டும். 2007-இல் அமெரிக்காவின் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவினர், ட்ரென்ட் ரெஸ்னர் என்பாரின் தலைமையில், 'இயர் ஸீரோ' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். தொகுப்பு வருமுன்பே இசைப்பயணத்தில் விற்ற சட்டைகளில் சில எழுத்துகள் மட்டும் அழுத்தமாக அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைச் சேர்த்துப் படித்தவர்களுக்கு ஓர் இணையத்தளத்தின் பெயர் கிடைத்தது. லிஸ்பன் நகரில் நிகழ்ச்சி நடந்த அரங்கின் கழிப்பறையில் பென் டிரைவ் ஒன்று கிடந்தது. அதில் வெளிவராத பாட்டு ஒன்று இருந்தது. பாட்டின் முடிவில் கேட்ட இரைச்சலை ஒலிப்படமாக மாற்றிப் பார்த்தபோது ஒரு கையின் உருவம் தோன்றிற்று. குறுந்தகட்டின் மேற்புறம் சூடேறினால் நிறம் மாறி, எண்களைக் காட்டிற்று. வியப்பான வேலைதான். ஆனால் அத்தனைக்கும் பின்னால் பெரிய நிறுவனமும் பெரும்பொருளும் இருந்தன. அதே ஆண்டில் நிறுவனத்தின் கட்டிலிருந்து விடுபட்ட அக்குழுவினர், 2008-இல் 'கோஸ்ட்ஸ்' என்னும் 36 பகுதிகள் கொண்ட இசையைத் தாமே வெளியிட்டபோது, முதல் ஒன்பது பகுதிகளை விலையின்றியே வழங்கினர்.

மற்றொன்று ஸ்காட்லாந்து நாட்டுச் சகோதரர் இருவரின் 'போர்ட்ஸ் ஆஃப் கனடா' குழு. நெடுநாள் மௌனத்துக்குப் பின் 2013 ஏப்ரலில், இசைத்தட்டுக் கடைகளின் சிறப்பு நாளன்று, நியூயார்க் கடை ஒன்றில் அவர்களுடைய பெயர் தாங்கிய இசைத்தட்டு ஒன்று சத்தமின்றி வைக்கப்பட்டிருந்தது. அதனுள் சில நொடி இசையும், ஆறு இலக்கம் கொண்ட எண் ஒன்றைச் சொல்லும் குரலும். அவ்வாறு ஆறு எண்கள் வானொலியிலும் இணையத்திலும் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தன. ஆறும் சேர்ந்தாலன்றிப் பூட்டுத் திறவாது. தனியொருவரால் இயலாததாகையால், முன்பின் அறியாத பலர் கூடிச் சேர்த்தனர். சேர்த்தபின் கிடைத்தது புதிய தொகுப்பு வரப்போகும் செய்தி. இந்தப் பகுதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் வெல்லப் பலர் தோற்கும் வேட்டையாக இல்லாமல், பலர் கூடினாலன்றி முடியாத வேட்டையாக அது இருந்தது.

(அமெரிக்காவில் ஜாக் வைட் என்னும் பாடகர் இளமையில் நாற்காலிகளுக்கும் சோபாக்களுக்கும் மெத்தை தைக்கும் தொழில் பயின்றவர். 2004-இல் அவரும் அவருக்குத் தொழில் கற்பித்தவரும் சேர்ந்து ஓர் இசைத்தட்டில் 100 படிகள் எடுத்து, பழுது பார்க்க வந்த இருக்கைகளுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டனர். பத்தாண்டுகள் கழித்துத்தான் இரண்டு கிடைத்தன. எஞ்சியவற்றின் மீது எவரோ இன்றும் அமர்ந்து காப்பி அருந்திக்கொண்டிருப்பர். விளையாட்டாக இது நன்று. ஆனால் கேளாத பாட்டு பாட்டாகுமா என்ற ஐயம் எங்களுக்குத் தீரவில்லை.)

எங்கள் உள்ளத்தை அசைத்தது வேறொரு பாட்டு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் கிளர்ச்சிப் படையினர் அரசுப் படைவீரர்கள் பலரைப் பிடித்து, ஆண்டுக்கணக்காகக் காட்டில் சிறைவைத்திருந்தனர். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஆனால் காவல் நிற்பவனும் அதே வானொலியைத்தான் கேட்கிறான். 2010-இல் படையினர் விளம்பரத் துறையினரோடும் இசைவல்லாரோடும் கூடி, நல்ல நாட்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு காதற்பாட்டைப் போலத் தோன்றும் பாட்டை இயற்றினர். பல்லவிக்குப் பின் வரும் வாத்திய இசையில், தந்திக் குறியீடாகிய மோர்ஸ் முறையில், தோழர்கள் சிலர் மீட்கப்பட்டனர், அடுத்து நீங்கள்தாம், நம்பிக்கை இழக்கவேண்டாம் என்னும் கருத்துள்ள செய்தி தாளத்தோடு தாளமாகப் பொருந்தி ஒலித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர் வானொலி நிலையங்கள் அப்பாட்டை ஒலிபரப்பின. படைப்பயிற்சியில் மோர்ஸ் கற்ற செவிக்கு அது செய்தி. காவலனுக்கு வெறும் பாட்டு. அவனும் தலையசைத்துக் கேட்டிருப்பான்.

அங்கே மறைத்த பொருளைத் திறக்கும் சாவி சட்டையில் இல்லை, இணையத்தில் இல்லை, மண்ணிலும் இல்லை. கேட்பவன் முன்னரே கற்றுச் செவியில் வைத்திருந்த பயிற்சியே சாவி. இதைப் படித்த அன்றுதான் எங்கள் செயற்குழு ஒரு மனத்தோடு இசைவு தந்தது. இசைவோடு ஒரு நிபந்தனையும் விதித்தது: ஒன்பது குறிப்புகளும் காதால் கண்டறியத்தக்கனவாகவே இருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனையால் இளைஞர்கள் சிலவற்றைக் கைவிட நேர்ந்தது. பொறியியல் பயிலும் தம்பி ஒருவர், ஒலியின் நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் வரைந்து காட்டும் ஒலிப்படத்தில் நம் சங்கத்தின் சின்னமாகிய குத்துவிளக்கு தோன்றும்படி ஓர் ஓசையை அமைத்திருந்தார். 1999-இல் ஏபெக்ஸ் ட்வின் என்னும் இசைக்கலைஞர் தம் முகத்தையே இவ்வாறு ஓர் இசையினுள் மறைத்து வைத்தது புகழ்பெற்ற செய்தி. தம்பியின் விளக்கும் கணிப்பொறித் திரையில் மிக அழகாகவே தெரிந்தது. ஆனால் காதுக்கு அது சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற இரைச்சலாக இருந்தது! மேலும், இணையத்தில் பாட்டை அனுப்பும்போது கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, செவிக்கு எளிதில் எட்டாத உயர்ந்த அதிர்வுகள் முதலில் நீக்கப்படுகின்றன. அங்கே மறைத்த விளக்கின் சுடர் வழியிலேயே அணைந்துவிடும். மற்றொருவர், இரு பாடல்களுக்கு இடைப்பட்ட மௌனத்தின் நீளத்தைக் குறிப்பாக வைக்க விரும்பினார். பழைய இசைத்தட்டில் அது இயலும். இன்று கைப்பேசியில் அவரவர் விருப்பம்போல் வரிசையைக் கலைத்துக் கேட்கிறார்கள். மௌனம் எங்கே போய் நிற்கும்? இரண்டையும் விட்டனர்.

அவற்றுக்கு மாறாக வந்தவை யாவை என்பதைப் பொதுவாகக் கூறலாம். ஒரு குறிப்பு தாளக் கணக்கில் உள்ளது. ஒன்று, இராகத்தை அறிந்தவருக்கே புலப்படும். ஒன்றைக் கேட்டு அறிய, ஒரு சொல் நெல்லையில் எவ்வாறு வழங்கும், கொங்கு நாட்டில் எவ்வாறு வழங்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் நம் பாட்டிமார்களின் அடுக்களையில் எழுந்த ஓசை ஒன்று பதிவாகியிருக்கிறது. இன்றைய வீடுகளில் அக்கருவி பரணில் தூங்குகிறது. ஒன்றுக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காது பிரித்தறிய வேண்டும்.

இங்கேதான் எங்கள் உள்ளத்தில் உள்ளதை வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் சிலர். தயங்காது படிப்பவர் மிகச் சிலர். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், விளையாட்டு மைதானத்தில் இந்தி, வீட்டில் அம்மா கேட்கும் கேள்விக்குத் தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு விடை. இதனால் அவர்களை நோவதற்கில்லை. பிழைப்பைத் தேடி வந்தவர்கள் நாம், அவர்கள் வந்து பிறந்தவர்கள். சங்கத்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம்; தொடங்கும்போது நிறைந்திருக்கும் பாய், தேர்வுக் காலம் வந்ததும் காலியாகிறது. ஆனால் படிக்கத் தெரியாத பிள்ளையின் காதிலும் தமிழ் இருக்கிறது. ழகரம் நாவில் வாராத சிறுவனும் பிறர் அதைத் தவறாகச் சொன்னால் காதால் பிடித்துவிடுகிறான். அந்தக் காதைக் கொண்டு அவனும் போட்டியிடக்கூடிய ஓர் இடம் வேண்டும் என்று இளைஞர்கள் கருதினர். பாட்டு ஏட்டை அச்சிடும்போது வேண்டுமென்றே அதில் குறிப்பு எதனையும் வைக்கவில்லை. ஏடு உதவும், ஏடு படிக்க அறியாதவரும் வெல்லலாம்.

ஒன்பதையும் தனியே கண்டறிபவர் நம்மிடையே இருப்பது அரிது என்றே எண்ணுகிறோம். இராகம் அறிந்த மாமிக்கு நெல்லைச் சொல் தெரியாது. நெல்லைத் தாத்தாவுக்குத் தாளம் தெரிந்தாலும் காதுக்கருவியின்றிக் கேளாது. தாளத்தைக் கணக்கிடும் கல்லூரிப் பெண்ணுக்குப் பரணில் உள்ள கருவியின் ஓசை தெரியாது. பேரன் தாத்தாவிடம் போக வேண்டும்; தாத்தா எதிர்வீட்டு மாமியிடம் பேரனை அனுப்ப வேண்டும். கூட்டாக விடை கொணர்வோர்க்கும் பரிசு உண்டு என்று விதியில் எழுதியிருக்கிறோம்.

பரிசு யாது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பொன்னும் இல்லை, பணமுடிப்பும் இல்லை. நம் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாத காலத்தில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு பெரியவர்கள் பஜனை பாடினார்கள் அல்லவா? அப்போது பயன்படுத்திய வெண்கலத் தாளம் ஒரு ஜோடி நூலக அலமாரியில் இருந்தது. இளைஞர்கள் அதைத் துலக்கி, புதுக் கயிறு கட்டி, தங்கள் ஏழாவது பாட்டில் வாசித்தும் இருக்கிறார்கள். அதுவே புதையல். வெல்பவர் வீட்டில் ஓராண்டு அது இருக்கும். அடுத்த மார்கழியில் அதைக் கொணர்ந்து பஜனையில் போடும் உரிமையும் அவர்களுடையதே.

தொகுப்பைப் பெறும் வழி எளிது. வாயிலில் உள்ள மேசையில் பாட்டு ஏடு கிடைக்கும். அதன் பின்னட்டையில் உள்ள க்யூஆர் குறியைக் கைப்பேசியில் காட்டினால் பாடல்கள் வரும். கைப்பேசி பழகாத பெரியவர்களுக்காக ஞாயிறுதோறும் மாலையில் நூலக அறையில் ஒலிபெருக்கி வைத்து ஒன்பது பாடல்களையும் இருமுறை ஒலிக்கச் செய்வோம். ஏட்டின் விலையில் அச்சுக்கூலி போக எஞ்சுவது அடுத்த தொகுப்புக்குரியது. புதிரில் நாட்டமில்லாதவர்கள் புதிரை மறந்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். ஐந்தாவது பாட்டு, ஊருக்குச் செல்லும் இரயிலில் முன்பதிவு கிடைக்காத துயரத்தைப் பற்றியது. அதற்குக் குறிப்பு எதுவும் தேவையில்லை, நம் எல்லோருக்கும் விடை தெரியும்.

எங்களுக்குச் சொல்ல அனுமதிக்கப்பட்ட துப்பு ஒன்றே ஒன்று. மூன்றாம் பாட்டைக் கேட்கும்போது தொடையில் தாளம் போட்டு விரல்விட்டு எண்ணுங்கள். ஓரிடத்தில் கை இடறும். அவ்விடத்தில் நின்றுகொள்ளுங்கள். இதற்கு மேல் ஒரு சொல் பேசினும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவதாக இளைஞர்கள் மேடைக்குப் பின்னாலிருந்து சாடை காட்டுகிறார்கள்.